வெள்ளையம்மாவுக்குப் பச்சைப் பொட்டு

மூங்கில்காட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் போத்தலைக் கையோடு கொண்டுவர வேண்டும். சாராயப் போத்தலோ சோடாப் போத்தலோ, எதுவானாலும் சுடுதண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். ரொபர்ட் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோவார். "உம் புருசன் நேத்துக் குடிச்சது இன்னும் உள்ளுக்குள்ளயே இருக்கு. போய்க் கழுவிட்டு வா" என்று திருப்பி அனுப்புவார். கழுவி வந்தால் சிவப்பு மருந்தை ஊற்றி, ஒரு காகிதத் துண்டை எடுத்து, ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, போத்தலின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் பல் புரியும். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு பல் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரரின் மகன். கஹவத்தையில் படித்து, பரீட்சை எழுதி, தோட்டத்து மருந்து வேலைக்குத் தேறியவர். தொழிலாளர் லயத்தில் பிறந்து நீளக் காற்சட்டையோடு உத்தியோகத்தர்களின் ஸ்டாப் வீட்டுக்குக் குடிபோனவர் அந்தத் தோட்டத்தில் அவருக்கு முன் யாருமில்லை. கஹவத்தை பஸ்ஸில் அவர் ஏறினால் முன் சீட்டிலிருந்து யாராவது எழும்புவார்கள். "டொக்டரய்யா" என்று கூப்பிட்டால், "நான் டொக்டர் இல்லப்பா, டிஸ்பென்சர்" என்று திருத்துவார். திருத்திவிட்டு, கூப்பிட்டவன் மறுபடியும் டொக்டரய்யா என்று சொல்லும்வரை காத்திருப்பார்.

ஜீவராணி அங்கே மிட்வைஃபாக வந்தது எண்பத்தொன்பதில். ஒல்லியான உருவம், ஓட்டமும் நடையுமாக இருப்பாள். மழையானால் குடை பிடிக்க மாட்டாள்; உரச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு லயம் லயமாகப் போவாள். சனிக்கிழமைகளில் வாரக் கணக்கைக் கொண்டுவந்து ரொபர்ட்டின் மேசைமேல் வைத்துவிட்டு, அவர் கையெழுத்துப் போடும்வரை நின்றுகொண்டிருப்பாள். பதினாலு வருஷத்தில் அவர் முன்னால் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. "கெட்டிக்காரி" என்று தன் மனைவி ஜொய்சியிடம் சொல்வார். "நம்ம கைக்குக் கீழ இருக்குற வரைக்கும்தானே அந்தக் கெட்டிக்காரி?" என்பாள் ஜொய்சி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மே மாதம், கேகாலையில் ஜொய்சியின் தம்பி பிள்ளைக்கு ஞானஸ்நானம். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ரொபர்ட்டும் ஜொய்சியும் போனார்கள். போன அன்றே மழை பிடித்தது. இரத்தினபுரி டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது, பஸ் இல்லை, போன் இல்லை. மூன்றாம் நாள் சிங்கள ரேடியோவில் மண்சரிவு மண்சரிவு என்று ஊர்ப் பெயர்களாகச் சொன்னார்கள். மூங்கில்காடு என்பது சனங்கள் வைத்த பெயர். ரேடியோக்காரருக்குத் தோட்டத்தின் சிங்களப் பெயர்தான் தெரியும். அந்தப் பெயரைக் கேட்டதும் ரொபர்ட் எழுந்து சப்பாத்தைப் போட்டார். போட்ட சப்பாத்தோடு ஏழு நாள் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள், லொறியில் பாதி வழி, மீதி ஏழு மைல் நடை. கீழ் லயத்துக்கு மேலேயிருந்த மலை வழித்துக்கொண்டு வந்திருந்தது. பதினொரு பேர் போய்விட்டார்கள். அவருடைய டிஸ்பென்சரி நின்ற இடத்தில் ஈரமான சிவப்பு மண்ணும், மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த தகரமும் மட்டும் இருந்தன. மருந்து அலுமாரி, தராசு, இருபத்தொன்பது வருஷப் பதிவுப் புத்தகங்கள், ஜீவராணியின் பிரசவப் பதிவுகள் எல்லாம் உள்ளேதான் எங்கேயோ. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பதினொரு பேரில் ஒன்பது பேரை அவருக்குக் குழந்தையிலிருந்தே தெரியும்.

சனங்கள் தன்னைக் கண்டதும் ஓடிவந்து அழுவார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது என்றுகூட யோசித்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் இராமசாமி ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தான். அவன் தேயிலைக் கொழுந்துச் சாக்குத் தூக்குகிற ஆள்.

"வாங்கய்யா. சொகமா வந்து சேந்தீங்களா? மொதல்ல கையக் கழுவுங்க."

"என்னடா இது?"

"மிட்வைப்பம்மா ஓடர். வெளியிலருந்து வர்றவங்க கைகழுவாம உள்ள போகக்கூடாது. தொரைகூட கழுவிட்டுத்தான் போனாரு."

ரொபர்ட் கையைக் கழுவினார். உள்ளே போனார். வகுப்பறைக்குள் வாங்குப் பலகைகளை ஒதுக்கி இருபது பேரைப் படுக்க வைத்திருந்தாள் ஜீவராணி. ரப்பர் பால் உறையவைக்கும் அலுமினியத் தட்டில் கத்தரியும் ஊசியும் கொதித்துக்கொண்டிருந்தன. காயங்கள் சுத்தமாக இருந்தன. ஒருவருக்கும் வயிற்றோட்டம் இல்லை. அவர் ஒவ்வொருவராகக் கட்டை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டே போனார். குறையொன்று அகப்படாதா என்று தேடுகிறோம் என்பது ஐந்தாவது ஆளிடம் வந்தபோதுதான் அவருக்கே உறைத்தது.

"ஐயா வந்துட்டீங்களா" என்றாள் ஜீவராணி. கண்ணுக்குக் கீழே கரி பூசியது போலிருந்தது. "இனிமே எனக்குப் பயமில்ல."

அதைக் கேட்டும் அவருக்கு ஆறவில்லை.

தோட்டங்களில் காலையில் பெரட்டு உண்டு. ஆறு மணிக்கு எல்லாரும் ஓரிடத்தில் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பெயர்ப் பதிவைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடுவார். வேலை நின்றுபோன அந்த நாட்களில் ஜீவராணி பெரட்டை நிற்கவிடவில்லை. அதே நேரம், அதே இடம். அவள் வீட்டுக்கு வீடு பெயர் கூப்பிட்டு, யாருக்குக் காய்ச்சல், யார் எழும்பவில்லை, எந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று கேட்டாள். ஒவ்வொரு லயத்துக்கும் நாலு ஆட்களைத் தூக்குவதற்கென்று பேர்சொல்லி நிறுத்தினாள். இரண்டு மூங்கிலும் ஒரு கம்பளியும்தான் ஸ்ட்ரெச்சர். மருந்து வந்ததும் மூன்று தகரப் பெட்டியில் பிரித்து மூன்று இடத்தில் வைத்தாள். "ஒரே எடத்துல வச்சுத்தானே அவ்வளவும் போச்சு" என்றாள். சிமெந்துப் பைகளைக் கிழித்து ஒட்டி, தோட்டத்தையே படமாக வரைந்து பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினாள். லயங்கள், ஓடைகள், எந்த லயத்து நோயாளியை எந்த ஒற்றையடிப் பாதையால் எந்த ரோட்டுக்குக் கொண்டுபோவது, வேன் எங்கே வந்து நிற்கும், எல்லாம் அதில் இருந்தன. கர்ப்பிணிகளின் பெயர் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பொட்டு. சிவப்புப் பொட்டு என்றால் எட்டாம் மாதமே ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுக்கிய அறைக்கு வந்துவிட வேண்டும், வலி கண்டால் நேரே ஆஸ்பத்திரி. பச்சை என்றால் லயத்திலேயே இருக்கலாம், ஜீவராணி போவாள்.

ஜூன் மாதம் இரத்தினபுரிச் சுகாதார அலுவலகத்திலிருந்து டொக்டர் ஹலீம் வந்தார். மண்சரிந்த தோட்டங்களின் வைத்திய சேவையைத் திரும்ப எப்படி அமைப்பது என்று திட்டம் போடும் பொறுப்பு அவருடையது. ரொபர்ட் அவருக்காகப் புது டிஸ்பென்சரிக்குக் கட்டடப் படம் ஒன்று வரைந்து, மையிட்டு, அடிக்கோடிட்டு வைத்திருந்தார். டொக்டர் அதைப் பார்த்தார், மடித்துப் பைலுக்குள் வைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார். அரைமணி நேரம் திரும்பவே இல்லை.

"இதை ஆரு வரைஞ்ச?"

ஜீவராணி வாசலில் நின்றிருந்தாள். "நாந்தாங்க சேர். பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க."

"எங்கட ஒபீஸ்ல மூணு பிளான் ஈக்குது. ஒண்டுலயாவது தூக்குற ஆள் ஆரு எண்டு இல்ல" என்றார் டொக்டர். "மிஸ்டர் ரொபர்ட், நீங்க குடுத்து வெச்சவரு. இப்படி ஒராள் உங்களிட்ட வேலை செய்யிறா."

"ஆமாங்க சேர்" என்றார் ரொபர்ட்.

ஜூலையில் இரத்தினபுரியில் கூட்டம். இரண்டு மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஜீவராணியின் படத்தைப் பெரிதாக வரைந்து முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி அவள் பேசினாள். அவளுக்கு அவ்வளவு சிங்களம் தெரியும் என்பதே ரொபர்ட்டுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேநீர் நேரத்தில் ஒருவர் அவரிடம் வந்து, "நீங்களும் ஜீவராணி மிஸ்ஸோட தோட்டமா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்னவாம் கூட்டத்துல?" என்றாள் ஜொய்சி.

"மிஸ்ஸாம். நேத்துவரைக்கும் சாக்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சவ."

"இன்னைக்கும் சாக்குத்தான் போட்டுக்கிட்டுப் போனா. நா பாத்தேன். பட்டீஸ் ஒண்ணும் கொண்டாரலியா?"

"எனக்கு அந்த எடத்துல ஒண்ணும் எறங்கல."

"அது பட்டீஸோட குத்தமில்லீங்க" என்றுவிட்டு ஜொய்சி உள்ளே போனாள்.

புதுத் திட்டத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள ரப்பர் டிவிசனும் மூங்கில்காட்டோடு சேர்ந்தது. முன்பு அது வேறு நிர்வாகம். அங்கே கர்ப்பிணிகள் கஹவத்தை கிளினிக்குக்குப் போவார்கள். ஜீவராணிக்கு அந்த டிவிசனில் வேலை இருந்ததில்லை. ரொபர்ட் மட்டும் பல வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் போய் மருந்து கொடுத்துவந்தார். ஓடைப் பாலம் உடைந்துவிட்டதால் இப்போது சுற்றுப்பாதையில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். அவசரமானவர்களை முதலில் பார்ப்போம், மற்றவர்களைப் பாலம் போட்டதும் பார்ப்போம் என்று, அந்த டிவிசன் தலைவரிடம் கர்ப்பிணிகளின் பெயர்களை எழுதி வாங்கினாள் ஜீவராணி. அந்தப் பெயர்களை ஆபீஸ் பதிவோடு ஒப்பிட்டு, வயது, முந்திய பிரசவம் எல்லாம் பார்த்துப் பொட்டு வைத்தாள்.

ஒகஸ்ட் தொடக்கத்தில் டொக்டர் ஹலீம் மறுபடியும் வந்தார். படத்தை அச்சடித்து எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பப் போகிறார்கள்.

"அதுக்கு முந்தி ஒருக்கா பாருங்க. இதுல பிழை ஈக்குதா?"

ஜீவராணி ரொபர்ட் பக்கம் திரும்பினாள். "ஐயா, ரப்பர் டிவிசன் ஆளுகள உங்களுக்குத்தான் தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

ரொபர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரருகே போனார். ரப்பர் டிவிசனில் ஐந்து பெயர். நாலாவது, வெள்ளையம்மா. வயது முப்பத்தெட்டு. மூன்று பிள்ளை, மூன்றும் சுகப்பிரசவம். பச்சைப் பொட்டு.

வெள்ளையம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. திரும்பி வந்தால் வேலை வேண்டுமே என்று, அவள் பெயரை வெட்டவிடாமல், அவளுடைய தம்பி பெண்சாதி ஷாமிளா அந்தப் பெயரிலேயே பால் வெட்டுகிறாள். பெரட்டில் வெள்ளையம்மா என்று கூப்பிட்டால் ஷாமிளா கை தூக்குவாள். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், சொல்ல மாட்டார். தோட்டங்களில் இது புதிதல்ல. வீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர். ஆபீஸ் காகிதம் என்று எது வந்தாலும் ஆபீஸ் பெயரைத்தான் சொல்வார்கள். டிவிசன் தலைவரும் அந்த வழக்கப்படி எழுதிக் கொடுத்திருந்தார். ஷாமிளாவுக்கு இருபத்திரண்டு வயது. முதல் பிள்ளையை இரண்டு வருஷத்துக்கு முன் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மேட்டில் ஏறிப் பால் வெட்டினால் தையல் இழுக்கிறது என்று அவரிடம் வந்தாள். அவர்தான் லீவுத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

அவள் பெயருக்கு நேரே சிவப்பு இருக்க வேண்டும். லயத்தில் வைத்துப் பிரசவம் பார்த்தால் பழைய தையல் பிரிந்துவிடும். அவருக்கு அது மிக நன்றாகத் தெரியும்.

வாயைத் திறந்தார். அப்போது டொக்டர் ஹலீம் ஜீவராணியிடம், "அச்சடிக்கக்குள்ள உங்கட பேரையும் அடியில போடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வேண்டாம் சேர், வேண்டாம் சேர் என்று தலையை ஆட்டினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

ரொபர்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது. பாலம் போட்டதும் அவளே போய்ப் பார்ப்பாள், பார்த்தால் அவளுக்கே தெரியும். இவ்வளவு பெரிய ஆளுக்கு இது தெரியாமலா போகும்? தெரியாமல் போனால், அச்சடித்த பிறகு தெரியட்டும். டொக்டர் ஹலீமும் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தார். அந்த வெள்ளிக்கிழமை மழை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜீவராணிக்கு இரத்தினபுரியில் வகுப்பு. வேறு தோட்டத்து மிட்வைஃப்மாருக்குச் சொல்லிக்கொடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"என்னாங்க, நாலு நாளா சோத்துல உப்பில்லன்னுகூடச் சொல்ல மாட்டேங்குறீங்க" என்றாள் ஜொய்சி. "மேலுக்கு முடியலியா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா உப்புப் போட்டுச் சாப்பிடுங்க."

ஒகஸ்ட் இருபத்தாறாம் தேதி காலை, பெரட்டு நேரம். கொழுந்து மடுவத்தின் ஒரு பக்கத்தில் தற்காலிகமாக வைத்திருந்த மேசையில் ரொபர்ட் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் கூப்பிட்டுத் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒருவன் ஓடிவந்து பாலத்தில் நின்று சத்தம் போட்டான். பாலம் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜீவராணி பையை எடுத்துக்கொண்டு அவர் மேசையைத் தாண்டிப் போனாள்.

"ஐயா, ரப்பர் டிவிசன் வெள்ளையம்மாவுக்கு வலியாம். முந்தாநாத்தே போகணும்னு நெனச்சேன், வகுப்பால முடியாமப் போச்சு. நாலாவது புள்ளதானே, நா போறதுக்குள்ள அதுவே வந்து கதவத் தொறக்கும்."

சிரித்துக்கொண்டே போனாள்.

ரொபர்ட்டின் முன்னால் ஒரு கிழவர் போத்தலை நீட்டியபடி நின்றார். ரொபர்ட் மருந்தை ஊற்றினார். காகிதத்தை எடுத்துப் பல் வெட்டத் தொடங்கினார். ஆறு பல் வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டே இருந்தார். கிழவர், "ஐயா, இதென்ன ரம்பமா?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். பதினேழோ பதினெட்டோ பல்.

கத்தரியை வைத்துவிட்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பெரட்டுக் களத்தில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள்.

"இராமசாமி! ஸ்ட்ரெச்சர எடு! ரப்பர் டிவிசனுக்கு. வேனுக்கு ஆள அனுப்பு!"

இராமசாமி நிதானமாகப் படத்தின் பிரதியை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தான். "அது பச்சைங்கய்யா. பச்சைக்கு அம்மா துண்டு குடுக்காம எடுக்கக்கூடாது. சட்டம்னா சட்டம். சரிதானே?"

"அடே, அது வெள்ளையம்மா இல்லடா!"

பெரட்டு அடங்கியது. கணக்கப்பிள்ளை செக்ரோலை மூடினார்.

"அது ஷாமிளா. வெள்ளையம்மா பேர்ல வேல செய்யிறா. அவ வயித்துல தையல் இருக்கு. லயத்துல வச்சா ரெண்டு உசிரும் போயிரும்."

"எப்பருந்து தெரியும் ஐயா?" என்று கேட்டான் இராமசாமி. வேறெந்த நோக்கமும் இல்லாமல்தான் கேட்டான்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார் ரொபர்ட்.

நாலு பேர் மூங்கிலோடு ஓடினார்கள். ரொபர்ட்டும் பின்னால் ஓடினார். ரப்பர் டிவிசன் லயத்தை நெருங்கும்போது ஜீவராணியே எதிரே வந்தாள், ஷாமிளாவைக் கதவுப் பலகையில் போட்டு இரண்டு பேர் தூக்கிவர. பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஷாமிளாவின் முகம் வெளுத்திருந்தது. "பேர வெட்டிருவாங்களோன்னுதான் சொல்லலம்மா, அத்தாச்சி பேர வெட்டிருவாங்களோன்னு" என்று முனகிக்கொண்டே இருந்தாள். கம்பளிக்கு மாற்றினார்கள். ஜீவராணி வரைந்த ஒற்றையடிப் பாதையால், ஜீவராணி குறித்த இடத்துக்கு, இருபத்தைந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்கள். அவள் எழுதியிருந்தபடியே அங்கே வேன் நின்றது. அந்த நேரத்திலும் ரொபர்ட் அதைக் கவனித்தார்.

தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். வயிற்றுக்குள்ளேயே பிள்ளை போய்விட்டது. பெண் பிள்ளை. கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் முந்தியிருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கிக்கொள்ள ஷாமிளாவின் புருஷன் வரும்வரை ரொபர்ட்தான் கையில் வைத்திருந்தார். மூன்று கிலோ இருக்கும். எடை போடாமலே அவருக்குத் தெரியும்.

தோட்டமெல்லாம் அவர் பெயர்தான். டொக்டரய்யா ஓடின ஓட்டத்தை இராமசாமி நடித்துக் காட்டினான். டொக்டர் ஹலீம் கடிதம் எழுதியிருந்தார். இனிமேல் படத்தோடு வரும் பட்டியலில் செக்ரோல் பெயருக்குப் பக்கத்தில் வீட்டில் கூப்பிடும் பெயருக்கும் ஒரு இடம் விடப்படும், அந்தப் பெயர்கள் ஆபீஸுக்குப் போகாது, திட்டத்தின் அடியில் ஜீவராணியின் பெயரோடு ரொபர்ட்டின் பெயரும் அச்சாகும். ரொபர்ட் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். மூன்று மாதமாக எதற்காக வெந்துகொண்டிருந்தாரோ அது கையில் இருந்தது. மேசை லாச்சிக்குள் கவிழ்த்துப் போட்டு மூடினார்.

அந்தச் சனிக்கிழமை ஜீவராணி வாரக் கணக்கோடு வந்தாள். வழக்கம்போல நின்றாள்.

"உக்காரு" என்றார்.

"இருக்கட்டும் ஐயா."

"உக்காரச் சொல்றேன்ல."

அவள் உட்கார்ந்தாள். "பொட்டு வச்சது நாந்தானே ஐயா. ஆளப் பாக்காம காயிதத்தப் பாத்து வச்சுட்டேன். அந்தப் புள்ள மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றாள்.

அவள் தலையில் அந்தப் பழி ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர் பேசாமலிருந்தால் சாகும்வரை அங்கேயே இருக்கும். ரொபர்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு டொக்டர் கேட்டப்பவே எனக்குத் தெரியும். பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்."

ஜீவராணி பையைத் திறந்தாள். நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவருடைய கையெழுத்து. "வெள்ளையம்மா. பழைய ஒப்பரேஷன் தையலில் நோவு. இரண்டு நாள் பால்வெட்டு வேண்டாம்." மார்ச் பதினாலு என்று தேதியும் இருந்தது.

"ஷாமிளா வெத்தலப் பைக்குள்ள இருந்துச்சு" என்றாள். "ஆஸ்பத்திரியில வச்சே பாத்துட்டேன்."

ரொபர்ட் அந்தத் துண்டைத் தன் பக்கம் இழுத்தார். "டொக்டர்கிட்ட ஏன் காட்டல?"

"காட்டுனா ஒங்கள வேலையிலருந்து எடுத்துருவாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் இரக்கம் எதுவும் இல்லை. "அப்புறம் ரப்பர் டிவிசன்ல யாரு யாரோட பேர்ல இருக்காங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா? அங்க இன்னும் எத்தன வெள்ளையம்மா இருக்காங்களோ. நீங்க சொல்லுவீங்களான்னு பாக்கத்தான் இன்னைக்கு வந்தேன். சொல்லாட்டி இத நாளைக்கே இரத்தினபுரிக்குக் கொண்டுபோயிருப்பேன்."

புதுப் பட்டியலை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வெற்றிடம். தன் பேனாவையும் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். முதல் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார், இரண்டாவதுக்குப் பக்கத்தில் எழுதினார். மூன்றாவது பெயரில் பேனா நின்றது. அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு தலை நிமிர்ந்தார். ஜீவராணி அவருடைய மேசைக்கு முன்னால், முதுகை நேராக்கி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்தத் துண்டை என்ன செய்திருப்போம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்படிச் செய்யாததற்கும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

குனிந்து மூன்றாவது பெயரை எழுதினார்.